4 கெல்வின் கிரையோகூலர் மதுரையில் கட்டுப்படியாகுமா?

அழகர்மலை | காலை 8:40

வணக்கம். மதுரையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். எங்கள் துறைக்குக் கருவி வாங்க நிதி கிடைக்கும்போல் இருக்கிறது. குளிர்ந்தால் மின்தடை மறைந்துவிடும் மீக்கடத்திகளை 4 கெல்வின்வரை குளிர்வித்து மின்தடையை அளக்கும் ஓர் அமைப்பு வேண்டும் என்று விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். திரவ ஹீலியத்தை நம்பி இந்த ஊரில் ஆய்வகம் நடத்த முடியாது. அதனால் மூடிய சுற்றில் ஓடும் கிரையோகூலருக்கு, அதாவது தாழ்வெப்பநிலைக் குளிர்விப்பு இயந்திரத்துக்கு, விலைப்புள்ளி கேட்டேன். கூலர், கம்ப்ரசர், வெற்றிடக் கலம், பம்ப் எல்லாம் சேர்ந்து ஐம்பது லட்சத்தை நெருங்குகிறது.

விலையைக்கூட எப்படியாவது சமாளிக்கலாம். விவரத்தாளில் உள்ள இரண்டு எண்கள்தான் உறுத்துகின்றன. 4.2 கெல்வினில் குளிர்த்திறன் 1 வாட். கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரம் சுமார் 7 கிலோவாட். ஏழாயிரம் வாட்டைக் கொட்டி ஒரே ஒரு வாட் வெப்பத்தை வெளியே எடுப்பதா? கருவிக் குழுவில் இதைக் கேட்டால் என்ன பதில் சொல்வது? ஆண்டுக்கு எவ்வளவு செலவாகும்? இதைவிடத் திறனான வகை உண்டா? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

கப்பலூர் மின்பொறியாளர் | காலை 9:15

மின்கட்டணத்தை முதலில் பார்த்துவிடுவோம். கம்ப்ரசர் எடுக்கும் 7 கிலோவாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். அதை நீரில் வாங்கி வெளியேற்ற இரண்டு டன் சில்லர் ஒன்று வேண்டும். அது இரண்டரை, மூன்று கிலோவாட் எடுக்கும். ஆக மொத்தம் 10 கிலோவாட். இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 240 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 1,920 ரூபாய், ஆண்டு முழுவதும் ஓடினால் ஏழு லட்சம்.

விண்ணப்பம் எழுதும்போது சில்லரைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மும்முனை இணைப்பு, கூடுதல் மின்பளுவுக்கான ஒப்புதல், ஜெனரேட்டர் மூன்றையும் இப்போதே எழுதிவிடுங்கள். கருவி வந்து இறங்கிய பிறகு இவற்றுக்காக அலைந்தால் ஓர் ஆண்டு பெட்டி பிரிக்கப்படாமலேயே கிடக்கும்.

நாகமலை வாத்தியார் | காலை 10:05

அன்புள்ள அழகர்மலை அவர்களுக்கு,

ஏழாயிரத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். அதில் இயற்கை கேட்பது எவ்வளவு, இயந்திரம் இழப்பது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள்.

ஆழ்துளைக் கிணற்றில் நீர்மட்டம் இறங்க இறங்க, அதே ஒரு குடம் தண்ணீருக்கு மோட்டார் கூடுதலாக உழைக்கிறது. வெப்பத்தை இறைப்பதும் அப்படித்தான். எவ்வளவு கூடுதல் என்பதைக் கார்னோ விதி சொல்கிறது. வெளி வெப்பநிலையிலிருந்து குளிர் வெப்பநிலையைக் கழித்து, குளிர் வெப்பநிலையால் வகுங்கள். அறை 300 கெல்வின் என்றால், திரவ நைட்ரஜன் கொதிக்கும் 77 கெல்வினில் ஒரு வாட்டை எடுக்க 2.9 வாட் போதும். 20 கெல்வினில் 14. பத்தில் 29. 4.2 கெல்வினில் 70. இதற்குக் குறைவாக யாராலும் செய்ய முடியாது.

உங்கள் கூலர் 70 வேண்டிய இடத்தில் 7,000 கேட்கிறது. கார்னோ எல்லையில் ஒரு சதவீதம். அது மோசமாகச் செய்யப்பட்ட இயந்திரம் அல்ல, சிறிய இயந்திரம். ஜெனீவாவில் செர்ன் நிறுவனத்தின் எல்.எச்.சி. துகள் முடுக்கிக்கு எட்டுக் குளிர்விப்பு நிலையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 4.5 கெல்வினில் 18 கிலோவாட் திறன் உடையது. அங்கே ஒரு வாட்டுக்குச் சுமார் 230 வாட் மின்சாரம்தான் செலவாகிறது. உங்களுடையதைவிட முப்பது மடங்கு குறைவு.

1974-ல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்ட்ரோபிரிட்ஜ், அன்று ஓடிக்கொண்டிருந்த குளிர்விப்பான்களின் விவரங்களைத் திரட்டி ஒரே வரைபடத்தில் போட்டார். அதில் தெரிந்த உண்மை இதுதான்: கார்னோ சதவீதம் இயந்திரத்தின் அளவோடு ஏறுகிறது. எந்த வெப்பநிலையில் ஓடுகிறது என்பது அந்தச் சதவீதத்தைப் பெரிதாக மாற்றுவதில்லை. இன்றும் இத்துறையில் இருப்பவர்கள் முதலில் எடுத்து வைப்பது அந்த வரைபடத்தைத்தான். விலையும் இதே போக்கில்தான் இருக்கிறது. பெரிய ஹீலியம் நிலையங்களில் குளிர்த்திறன் பத்து மடங்கானால் விலை நான்கைந்து மடங்குதான் ஆகிறது. சிறியதை வாங்குகிறவர் திறனிலும் இழக்கிறார், விலையிலும் இழக்கிறார். இதற்குத் தப்பிக்க வழியில்லை.

ஆனால் உங்களுக்கு ஒரு வாட் உண்மையிலேயே வேண்டுமா? எத்தனை வாட் வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தீர்களா? விவரத்தாளைப் பார்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை அது.

மேலூர் சிவகாமி | காலை 10:50

ஐயா, நான் முதுகலை இயற்பியல் மாணவி. ஒரு சந்தேகம். இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு 92 கெல்வினிலேயே மீக்கடத்தி ஆகிவிடும் என்பது 1987-லேயே தெரிந்துவிட்டது. 77 கெல்வினில் 2.9 வாட் போதும் என்கிறீர்கள். பிறகு ஏன் மருத்துவமனை எம்.ஆர்.ஐ. காந்தங்கள் இன்னும் 4 கெல்வினிலேயே இருக்கின்றன? மின்சாரச் செலவு அவர்களுக்குப் பொருட்டில்லையா?

நாகமலை வாத்தியார் | காலை 11:30

நல்ல கேள்வி, அம்மா. குளிர்விக்கும் செலவை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் உன் வாதம் சரி. கம்பியின் விலையையும் சேர்த்துப் பார்.

நையோபியம்-டைட்டானியம் 9.2 கெல்வினுக்குக் கீழேதான் மீக்கடத்தி ஆகும். ஆனால் அது உலோகம். செம்போடு சேர்த்துக் கிலோமீட்டர் கணக்கில் கம்பியாக இழுக்கலாம், சுற்றலாம், இணைக்கலாம். நீ சொல்லும் ஆக்சைடு, பீங்கான் போன்று நொறுங்கும். உலோக நாடாவின்மேல் மெல்லிய படலமாகப் படியவைத்துத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்த நாடாவின் விலை நையோபியம்-டைட்டானியத்தைவிடப் பல மடங்கு. போதாததற்கு, 77 கெல்வினில் வலுவான காந்தப்புலத்தில் வைத்தால் அது தாங்கும் மின்னோட்டம் வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் காந்தத்துக்கு அதையே 20, 30 கெல்வினுக்கு இறக்க வேண்டியிருக்கிறது. அப்போது 2.9 என்ற கணக்கு நிற்காது.

எதிர்ப்பக்கத்தைப் பார். நன்றாகக் காப்பிடப்பட்ட எம்.ஆர்.ஐ. காந்தத்தில் 4 கெல்வினுக்கு வந்து சேரும் வெப்பம் ஒரு வாட்டை ஒட்டித்தான் இருக்கும். ஒரு கோல்டு ஹெட் (கூலரில் குளிரை உண்டாக்கும் பகுதி), 7 கிலோவாட் கம்ப்ரசர், அவ்வளவுதான். காந்தத்தின் விலையோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை.

77 கெல்வின் வென்ற இடங்களும் உண்டு. அமெரிக்காவில் 1990-களின் பிற்பகுதியிலிருந்து கைபேசிக் கோபுரங்களின் ஏற்பிகளில் மீக்கடத்தி வடிகட்டிகளை வைத்தார்கள். படலம் சிறியது, காந்தப்புலம் கிடையாது. சுமார் 100 வாட் மின்சாரத்தில் 77 கெல்வினில் 5 வாட் எடுக்கும் சிறு ஸ்டர்லிங் கூலர் போதுமானதாக இருந்தது. அது கார்னோவில் ஏறக்குறைய 14 சதவீதம். இவ்வளவு சிறிய இயந்திரத்துக்கு அது மிக நல்ல எண்.

கப்பலூர் மின்பொறியாளர் | பிற்பகல் 12:20

என் துறை மின்வடம் என்பதால் ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். ஜெர்மனியின் எசென் நகரில் 2014-ல் ஒரு கிலோமீட்டர் நீள மீக்கடத்தி வடத்தை நகர மின்வலையில் இணைத்தார்கள். 10 கிலோவோல்ட், 40 மெகாவோல்ட்-ஆம்பியர். எனக்கு வியப்பாக இருந்தது அதன் குளிர்விப்பு முறைதான். கிரையோகூலர் வைக்கவில்லை. லாரியில் வரும் திரவ நைட்ரஜனைத் தாழ்ந்த அழுத்தத்தில் ஆவியாக்கி 67 கெல்வின் அளவுக்கு இறக்கினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தபோது இயந்திரத்தைவிட அதுவே மலிவாக இருந்தது. பெரிய காற்றுப்பிரிப்பு ஆலையில் திரவமாக்கப்பட்ட நைட்ரஜன், பெரிய இயந்திரத்தின் திறனைத் தன்னோடு கொண்டு வருகிறது. வாத்தியார் ஐயா சொன்ன அளவு விதிதான் இங்கும்.

நம் சிம்மக்கல், மாசி வீதிகள் போன்ற நெருக்கடியான இடங்களுக்கு இது ஒத்துவருமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. வடத்தின் குளிர்க்காப்பு உறை வழியாக மீட்டருக்கு ஓரிரு வாட் வெப்பம் எப்போதும் கசியும். நள்ளிரவில் யாரும் மின்சாரம் எடுக்காவிட்டாலும் கசியும். செம்பு வடத்தில் மின்னோட்டம் பாதியானால் இழப்பு கால்வாசியாகிவிடும். எந்நேரமும் பளு நிறைந்து ஓடுகிற, துணைமின்நிலையம் கட்ட ஒரு சென்ட் நிலம்கூடக் கிடைக்காத நகரமையத்தில்தான் மீக்கடத்தி வடத்துக்கு நியாயம் உண்டு. மதுரைக்கு அந்தக் காலம் இன்னும் வரவில்லை என்பது என் கருத்து.

வண்டியூர் கண்மாய் | பிற்பகல் 1:10

மன்னிக்கவும், நான் நேராகவே சொல்கிறேன். ஒரு கல்லூரிக்கு இந்தச் செலவு தேவையில்லை. இந்தூரில் யு.ஜி.சி.-டி.ஏ.இ. கூட்டமைப்பு (பல்கலைக்கழக மானியக் குழுவும் அணுசக்தித் துறையும் சேர்ந்தது) பல்கலைக்கழகங்களுக்காகவே தாழ்வெப்பநிலைக் கருவிகளை வைத்திருக்கிறது. கல்பாக்கத்திலும் அவர்கள் மையம் உண்டு. பொருளைத் தயாரித்து, அங்கே போய் ஒரு வாரம் தங்கி அளந்து வாருங்கள். ஐம்பது லட்சத்தில் பத்து மாணவர்களுக்கு உதவித்தொகை தரலாம்.

அழகர்மலை | பிற்பகல் 1:45

ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. நாங்களும் மாணவர்களை அங்கே அனுப்புகிறோம், இனியும் அனுப்புவோம். ஆனால் அங்கே போகிற மாணவர் பெரும்பாலும் பொருளைக் கொடுத்துவிட்டு வரைபடத்தை வாங்கி வருகிறார். வெற்றிடம் ஏன் இறங்கவில்லை, எந்த இணைப்பில் கசிவு, வெப்பமானி எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்று அவர் கைவைத்துப் பார்க்க வாய்ப்பில்லை. எங்கள் பிள்ளைகள் பலர் உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். ஒரு கோல்டு ஹெட்டைக் கழற்றி மாட்டத் தெரிந்த மாணவருக்கு எங்கே போனாலும் வேலை உண்டு. அதற்காகத்தான் இந்தப் பாடு.

திருமங்கலம் சர்வீஸ் | மாலை 4:30

அழகர்மலை சார் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் பகுதிகளில் எம்.ஆர்.ஐ. கோல்டு ஹெட், கம்ப்ரசர் சர்வீஸ் செய்வது என் தொழில். இந்த வேலை தெரிந்த ஆட்கள் நம் பக்கத்தில் மிகக் குறைவு.

நீங்கள் எல்லாரும் வாட் கணக்குப் பேசுகிறீர்கள். எனக்குத் தெரிந்த செலவு வேறு. சுற்றில் ஓடும் ஹீலியம் 99.999 சதவீதம் தூய்மையாக இருக்க வேண்டும். கம்ப்ரசர் எண்ணெயின் ஆவி கோல்டு ஹெட்டுக்குள் போகாமல் அட்சார்பர் தடுக்கிறது. அதை இருபதாயிரம், முப்பதாயிரம் மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஜி.எம். (கிஃபோர்ட்-மக்மஹோன்) வகைக் கோல்டு ஹெட்டில் மேலும் கீழும் ஓடும் டிஸ்பிளேசரின் சீல் தேயும். பத்தாயிரம் மணி நேரம் என்று எழுதியிருந்தால், நிற்காமல் ஓடுகிற இயந்திரத்துக்கு அது பதினான்கு மாதம். பல்ஸ் டியூப் வகையில் குளிர்ப்பகுதியில் அசையும் உறுப்பு இல்லை என்பதால் இன்னும் நீண்ட நாள் தாங்கும். ஒவ்வொரு சர்வீசும் லட்சங்களில்தான்.

அடுத்தது தண்ணீர். கம்ப்ரசருக்குள் போகும் நீர் பொதுவாக 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மே மாதத்தில் மொட்டைமாடித் தொட்டி நீரில் கையை வைக்க முடியாது. ஒரு மருத்துவமனையில் சில்லர் பழுதானதும் போர்வெல் நீரை நேரே கம்ப்ரசருக்குத் திருப்பிவிட்டார்கள். நம் ஊர் போர் நீரின் உப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நான் போய் வெப்பமாற்றியின் இணைப்பைக் கழற்றியபோது, குழாயின் வாய் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியதுபோல் அடைத்திருந்தது. சுண்டுவிரல் போகிற துளையில் ஒரு பென்சில் முனைதான் போயிற்று. காலையில் ஓடும், பிற்பகல் மூன்று மணிக்கு எண்ணெய்ச் சூடு ஏறி டிரிப் ஆகும், இரவில் மறுபடி ஓடும். கோல்டு ஹெட் நின்ற நேரமெல்லாம் எம்.ஆர்.ஐ. காந்தத்தைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம் ஆவியாகிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு வாட் வெப்பம் மணிக்கு 1.4 லிட்டர் திரவ ஹீலியத்தை ஆவியாக்கிவிடும். நின்றுபோன கோல்டு ஹெட் தானே வெப்பத்தை உள்ளே கடத்துவதால் இழப்பு இன்னும் கூடும்.

மேலூர் சிவகாமி | மாலை 5:05

அண்ணா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டுக் கணக்குப் போட்டேன். வெளியே 40 டிகிரி, அதாவது 313 கெல்வின் என்று வைத்தால் 4.2 கெல்வினுக்குக் கார்னோ எண் 70.4-லிருந்து 73.5 ஆகிறது. ஐந்து சதவீதம்கூடக் கூடவில்லை. மதுரை வெயிலால் இயற்பியல் விதிப்படி பெரிய நட்டம் இல்லையே?

திருமங்கலம் சர்வீஸ் | மாலை 5:20

கணக்கு சரிதான், தங்கச்சி. விதி அந்த ஐந்து சதவீதத்தோடு விட்டுவிடும். எண்ணெயும் சீலும் விடாது. கம்ப்ரசருக்குள் ஹீலியம் அழுத்தப்படும்போது வரும் சூட்டை எண்ணெய்தான் வாங்குகிறது. வெளியே தள்ள வழியில்லாவிட்டால் பாதுகாப்பு சுவிட்ச் நிறுத்திவிடும். அதற்காகத்தான் சில்லர், அதற்காகத்தான் அந்தக் கூடுதல் மூன்று கிலோவாட்.

பேரவை இளங்கோ | மாலை 6:00

இடையில் ஒரு கேள்வி. மதுரையில் நியூட்ரினோ ஆய்வுக்காக ஒரு பெரிய காந்தம் இருக்கிறதே, அதற்கும் இப்படித்தான் குளிர்விப்பா?

நாகமலை வாத்தியார் | மாலை 6:40

இல்லை. நீங்கள் கேட்பது மினி-ஐகால் என்ற 85 டன் இரும்புக் கருவி. அதில் இருப்பது சாதாரணச் செம்புச் சுருள். ஒன்றரை டெஸ்லா அளவுக்கு இரும்பே புலத்தைத் தாங்கிக் கொடுத்துவிடும் என்பதால் மீக்கடத்தி தேவைப்படவில்லை.

இனி, காலையில் நான் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். எத்தனை வாட் வேண்டும்?

உங்கள் பொருளின் மின்தடையை அளக்கும் மின்னோட்டத்தால் வரும் வெப்பம் மைக்ரோவாட் கணக்கு. அதை விட்டுவிடுங்கள். வெப்பம் வரும் பெரிய வழிகள் இரண்டு. ஒன்று கதிர்வீச்சு. அறை வெப்பநிலையில் உள்ள கரிய பரப்பு சதுர மீட்டருக்கு 460 வாட் வீசுகிறது. 50 கெல்வினில் உள்ள பரப்பு 0.35 வாட்தான் வீசும். இரண்டு கட்டமாகக் குளிர்விக்கும் கூலரின் முதல் கட்டம் 40, 50 கெல்வினில் முப்பது நாற்பது வாட்டைத் தாங்கும். அதில் ஒரு செம்புக் கவசத்தை மாட்டி, மேலே அலுமினியம் பூசிய படலங்களைச் சுற்றிவிட்டால் கதிர்வீச்சுத் தொல்லை ஏறக்குறைய தீர்ந்தது.

இரண்டாவது, கம்பிகள். இங்கேதான் புதிதாக ஆய்வகம் அமைக்கிறவர்கள் கோட்டை விடுகிறார்கள். 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புக் கம்பி, அரை மீட்டர் நீளம், ஒரு முனை அறையில், மறுமுனை 4 கெல்வினில். அது மட்டும் 10 மில்லிவாட்டைக் கீழே கொண்டுவரும். வெப்பமானிக்கு நான்கு, சூடேற்றிக்கு இரண்டு, ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு என்று போனால் இருபது கம்பிகள் எளிதில் ஆகிவிடும். இருபதுக்கு 200 மில்லிவாட். ஒரு வாட் கூலரில் ஐந்தில் ஒரு பங்கு காலி. அதே இடத்தில் வெப்பத்தைக் குறைவாகக் கடத்தும் உலோகக் கலவையான மாங்கனின் கம்பி போட்டால் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு, ஏழு மில்லிவாட்கூட வராது. அதையும் வழியில் 50 கெல்வின் கட்டத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டிவிட்டால் இன்னும் இறங்கும். சில நூறு ரூபாய்க் கம்பி செய்கிற வேலை இது. எல்.எச்.சி.யில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின்னோட்ட இணைப்புகளில், வெப்பத்தை அதிகம் கடத்தாத உயர்வெப்ப மீக்கடத்தியை (சிவகாமி சொன்ன ஆக்சைடு போன்ற வகை) போட்டதும் இதே காரணத்துக்காகத்தான்.

அழகர்மலை | இரவு 8:10

மிக்க நன்றி, ஐயா. இப்போதே உட்கார்ந்து கணக்கிட்டேன். எங்களுக்குப் பதினாறு கம்பிகள் போதும். மாங்கனின் போட்டு, கவசமும் வைத்தால், தாங்கிகளின் கடத்தலையும் சேர்த்து 40 மில்லிவாட்டுக்குள் அடங்குகிறது. அப்படியானால் 10 கெல்வின்வரை மட்டும் போகும் மலிவான கூலர் போதுமா? ஆனால் ஈயம் 7.2 கெல்வினில் மீக்கடத்தி ஆவதை மாணவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

திருமங்கலம் சர்வீஸ் | இரவு 8:45

சார், 40 மில்லிவாட் என்றால் ஒரு வாட் இயந்திரமே உங்களுக்கு வேண்டாம். 4.2 கெல்வினில் 0.1 வாட் தரும் சிறு ஜி.எம். கூலர் இருக்கிறது. கம்ப்ரசர் சுமார் 1.2 கிலோவாட், ஒருமுனை இணைப்பில் ஓடும், காற்றுக் குளிர்விப்பு. சில்லர் இல்லை, போர்வெல் தண்ணீர் இல்லை, உப்பு இல்லை. அறையில் ஏ.சி. மட்டும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

நாகமலை வாத்தியார் | இரவு 9:10

தம்பி சொல்வது மிகச் சரி. கருவிக் குழுவில் யாராவது கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்: இந்த இயந்திரம் ஒரு வாட்டுக்கு 12,000 வாட் கேட்கிறது, பெரியதைவிடத் திறன் குறைவு. ஆனால் நாம் ஒரு வாட் வாங்கவில்லை, பத்தில் ஒன்றுதான் வாங்குகிறோம்.

கப்பலூர் மின்பொறியாளர் | இரவு 9:25

ஏ.சி.யின் பங்கையும் சேர்த்து 1.7 கிலோவாட் என்று வையுங்கள். நாளுக்கு 41 யூனிட், அதே 8 ரூபாய்க் கணக்கில் 330 ரூபாய்க்குக் கீழே. அளவீடு இல்லாத நாளில் நிறுத்திவிடலாம். ஆண்டுக்கு நூறு நாள் ஓடினால் முப்பத்து மூன்றாயிரம்.

வண்டியூர் கண்மாய் | இரவு 9:50

இந்தக் கணக்குக்கு என் ஆட்சேபம் இல்லை. மிச்சமாகும் தொகையில் இரண்டு மாணவர்களுக்காவது உதவித்தொகை கேட்டு அதே விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

அழகர்மலை | இரவு 10:05

எழுதுகிறேன், ஐயா. கட்டாயம் எழுதுகிறேன். கடைசியாக ஒன்று. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளில் என்ன செய்வது? யு.பி.எஸ். வாங்க வேண்டுமா?

திருமங்கலம் சர்வீஸ் | இரவு 10:20

ஐந்து மணி நேரம் தாங்கும் பேட்டரிக்குக் காசைப் போடாதீர்கள். உங்கள் கலத்தில் ஹீலியம் திரவம் கிடையாது, சூடேறினால் எதுவும் பறிபோகாது. மின்தடை அறிவிப்பு வந்ததும் முந்தின நாள் மாலையே அளவீட்டை முடித்துக் கூலரை நிறுத்துங்கள். மின்சாரம் வந்ததும் வெற்றிட பம்பை முதலில் ஓட்டி, அழுத்தம் இறங்கியதைப் பார்த்துவிட்டு, பிறகு கம்ப்ரசரைப் போடுங்கள். ஒன்றை மட்டும் மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: உள்ளே 290 கெல்வினைத் தாண்டாமல் கலத்தின் மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் அத்தனையும் கவசத்திலும் பொருளிலும் படிந்துவிடும். அடுத்த முறை வெற்றிடம் இழுக்க ஒரு நாள் முழுவதும் போய்விடும்.